‘ஊமை மணி’ மதுக்கூடத்துக் கோழியின் உண்மையான வயது

அனுப்புநர்:
மேபல் ஹாக்ஸ்லி (வயது 16),
‘ஊமை மணி’ மதுக்கூடம், மாடிக் குடியிருப்பு,
கேம்பிரிட்ஜ்.

பெறுநர்:
திருமதி த்ரெட்கோல்ட்,
மரபுக் கட்டடங்கள் பிரிவு அலுவலர்,
நகர மன்றம்.

பொருள்: 1641ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோழி என் கைவேலை என ஒப்புக்கொண்டு, என்மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் மதுக்கூடம் நானூறு ஆண்டுப் பழமையானது. அதில் ஐயமில்லை, கழிவறைக் குழாய்களே சாட்சி. என் தந்தை பேரி ஹாக்ஸ்லி இதை இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறார். சென்ற அக்டோபரில் நிலவறைப் படிகளில் விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். பரிமாறும் மேடைக்குப் பின்னால் செல்லும் வழி, நாற்காலியைவிட நான்கு விரற்கடை குறுகல். ஆகவே எட்டு மாதங்களாகத் தன் சொந்தக் கடையில் அவர் வாடிக்கையாளர். "என்னப்பா, இங்க ஊத்த ஆளு இருக்கா இல்லியா?" என்று மேடையைத் தட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும்தான். வேறு யாராவது பீர் இறைக்கும் கைப்பிடியை இழுக்கும்போது மட்டும் அவருடைய வலக்கை தானாக அசையும்.

2. வழியோரத் தடுப்புப் பலகை பிற்காலத்தது எனக் கருதி, அதில் ஒரு சாண் வெட்டிக்கொள்ள மார்ச்சில் தாங்கள் அனுமதி வழங்கினீர்கள். தச்சர் வந்து, பலகைமேல் இருந்த குடை மாட்டியைக் கழற்றினார். மதிய உணவுக்கு வந்திருந்த வரலாற்றுப் பேராசிரியர் வின்ஸ்டெட், அங்கே ஒரு கோழி பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தலையில் தொப்பி, காலடியில் 1641. அன்றைய திருச்சபை ஆயர்களைக் கேலி செய்து, உயிரைப் பணயம் வைத்து ஒரு மாணவர் பொறித்தது என இருபத்தாறு பக்க அறிக்கை தந்தார். அனுமதி நிறுத்தப்பட்டது. வெட்டவேண்டிய அந்த ஒரு சாணில்தான் கோழி நிற்கிறது.

3. உயிரைப் பணயம் வைத்தவள் நான்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு மழை ஞாயிறன்று, குடைகளை ஒதுக்கிவிட்டுக் கவராயத்தால் செய்தேன். கோழி, என் கணக்காசிரியர் திரு. பிளோட். அவர் எனக்கு முட்டை போட்டார். முட்டை போட்டவரைக் கோழியாக வரைவதுதானே முறை? தொப்பி ஆயருடையதன்று, திரு. பிளோட்டின் மனைவி அவருக்குப் பின்னியது. 1641 என்பது என் மிதிவண்டிப் பூட்டின் எண். மறந்துவிடும் என்று எழுதிவைத்தேன். பேராசிரியர் அதைக் கட்டுரையாக வெளியிட்ட மறுவாரம் மிதிவண்டி காணாமற்போனது. யாரையும் குறைகூறவில்லை. கோழியின் கண்ணிலுள்ள இரும்புத் துணுக்கை அறிக்கை "அக்காலக் கொல்லரின் கைவண்ணம்" என்கிறது. அது என் கவராயத்தின் முறிந்த முனை. மீதியை இணைத்துள்ளேன், பொருத்திப் பார்க்கலாம்.

4. பேராசிரியரிடம் நேரில் ஒப்புக்கொண்டேன். "போன வருஷம் கல்லூரிச் சிலைக்குக் கால்சட்ட மாட்டுன பொண்ணுதானே நீ? போ பாப்பா, இந்தக் கோட்டுல இருக்கிற கோவம் சின்னப் புள்ளைக்கு வராது" என்றார். அவர் திரு. பிளோட்டிடம் படித்ததில்லை.

5. அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்தது. கோழி அவருக்குப் பெருமை. சுற்றுலா வருவோரிடம், "இவருதாங்க இங்க மொதலாளி, நான் சும்மா குடிக்க வந்தவன்" என்று காட்டுவார். நேற்று உண்மையைச் சொன்னேன். நாற்காலியைக் கோழியருகே உருட்டிக்கொண்டு போனார். "தொப்பி நல்லா வந்திருக்கு, கண்ணு" என்றார். பிறகு, "வெட்டச் சொல்லு. நான் ஊத்தணும்" என்றார்.

6. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியின்றிப் பொறிப்பது குற்றம். பத்து வயது நிரம்பியவர்மீது வழக்குத் தொடரலாம் என அறிகிறேன். அப்போது எனக்குப் பதினொன்று. ஆகவே, தயைகூர்ந்து என்மீது வழக்குப் பதியுமாறு வேண்டுகிறேன். குற்றப்பத்திரிகையில் குற்றம் நடந்த ஆண்டைக் குறிப்பிட்டாக வேண்டும். இருபத்தாறு பக்கங்களுக்கு எதிராக எனக்கு அந்த ஒரு வரி போதும். எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன். தச்சர் வியாழக்கிழமைகளில் மட்டுமே வருவார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கேம்பிரிட்ஜ்
நாள்: 10.06.2024

இப்படிக்கு,
குற்றத்தை முழுமனதுடன் ஒப்புக்கொள்ளும்,
மேபல் ஹாக்ஸ்லி

இணைப்பு: கவராயம் ஒன்று (முனை நீங்கலாக).