புள்ளி வைத்ததும் விழுந்த பெயர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பகலெல்லாம் புழுக்கம். மழை இல்லை. அப்பா முன் அறையில் தூங்குகிறார். போர்வைக்குள் போன் வெளிச்சம்.

பள்ளிக்கூட லேபில் நான் எழுதும் விடுப்பு புரோகிராம்: யார் வந்தாள், வராதவள் ஏன் வரவில்லை என்று சொல்லும். வியாழனன்று பெற்றோர் பார்க்க வருகிறார்கள். மாணவிகள் விவரம் எல்லாம் கிளாஸ் மிஸ் கம்ப்யூட்டரில். மற்ற கம்ப்யூட்டர்கள் அதைத் தொட முடியாது. மெத்தட், அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் நான் வைத்த பெயர், அதன் வழியாகக் கேட்கலாம், அவ்வளவுதான். 'வந்தாளா' என்ற மெத்தட் பப்ளிக், யார் கேட்டாலும் பதில் சொல்லும். 'காரணம்' பிரைவேட். மிஸ்ஸுக்கு மட்டும்.

போன வாரம் கம்ப்யூட்டர் சார் இதற்குச் சொன்ன விளக்கம்: "ஹோட்டல்ல பார்சல் கேட்டு வாங்குறோம். அடுப்படிக்குள்ள போயி சட்டியத் தொறந்து பாக்குறோமா?"

பின் பெஞ்ச் ஷர்மி: "நம்மூர்ல புரோட்டாக் கல்லே ரோட்டுலதான சார் கெடக்கு?"

சாரே சிரித்துவிட்டார்.

இன்று மிஸ்ஸின் அறிக்கைப் பக்கத்தை லேபிலிருந்து திறந்தால் எரர். அந்தப் பக்கத்துக்குக் காரணமும் வேண்டும். பிரைவேட், வெளியிலிருந்து கேட்டால் கிடைக்காது. பின்னால் சார். "இன்னும் எம்புட்டு நேரம்மா?" பிரைவேட்டை அழித்துப் பப்ளிக் என்று அடித்தேன். உடனே ஓடியது. "வெரிகுட்" என்றார். யார் போய்க் 'காரணம்' என்று கூப்பிடப் போகிறார்கள்?

நாளைக்கு: ரெக்கார்ட் நோட். ரிப்பன். அம்மாவுக்கு மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

ஷர்மி கடைசி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மாணவி என்று அடித்துப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி வைத்தால் கூப்பிடக்கூடிய மெத்தட்கள் எல்லாம் வரிசையாக விழும். பப்ளிக் ஆனவை மட்டும். 'காரணம்' அதில் இருந்தது. "இது என்னடி புதுசா?" என்று ரேவதியின் பெயரைப் போட்டாள். ரேவதி என் பெஞ்ச், என் பஸ், என் ரே.

சத்தமாக வேறு வாசித்தாள். "அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். தம்பியைப் பார்க்க ஆள் இல்லை."

பாதியில் ஷர்மிக்கே குரல் இறங்கிவிட்டது. ஆனால் பின்னாலிருந்து யாரோ, "அதான் தெனமும் தயிர்சோறா?" சிரிப்பு.

ரேவதி ஷர்மியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஏனென்றால் லீவ் லெட்டர்களை டைப் செய்தது நான். மிஸ் வருட ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: "வயித்துவலி, காய்ச்சல்னு கதை விடாதீங்கடி. உள்ளத எழுதுங்க. என்னத் தவிர ஒருத்தரும் பாக்க மாட்டாங்க." நம்பி எழுதினோம். லெட்டர் கட்டை என்னிடம் கொடுக்கும்போது, "நீதான் வாயே தொறக்க மாட்ட, நீ அடி" என்றார்.

வாயைத் திறக்கவில்லைதான்.

பெல் அடித்ததும் ரே. தனியாகப் போய்விட்டாள். ராத்திரி சோற்றை அப்படியே மூடி வைத்தேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ரே. வரவில்லை. லீவ் லெட்டரும் இல்லை.

சாப்பாட்டு பெல்லில் லேபுக்குள் போய் 'காரணம்' மெத்தட்டைத் திரும்பப் பிரைவேட் ஆக்கினேன். கடைசி கம்ப்யூட்டரில் போய்ப் புள்ளி வைத்துப் பார்த்தேன். பெயர் விழவில்லை. அறிக்கைப் பக்கம் மறுபடியும் எரர். அதை மிஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கிற மாதிரி மாற்றி எழுத வேண்டும். ஒரே நாளில் எனக்கு வராது. நாளைக்கு எல்லார் முன்னாலும் நிற்கும். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி மாற்று என்பார்.

இன்னொன்று. இதை எழுதாமல் தூக்கம் வராது.

ஜூலையில் என் லெட்டரும் அந்தக் கட்டில் இருந்தது. உண்மையைத்தான் எழுதியிருந்தேன். அப்பா தள்ளியதில் அம்மாவுக்குக் கை முறிந்தது, பெரியாஸ்பத்திரியில் கூட இருந்தேன் என்று. டைப் செய்யும்போது என் பெயர் வந்ததும் 'காய்ச்சல்' என்று அடித்தேன். ரே. லெட்டரை எழுத்து மாறாமல் அடித்தேன். பிரைவேட், யாராலும் பார்க்க முடியாது என்று எல்லாரிடமும் சொன்னவள் நான். என்னுடையதை மட்டும் அதை நம்பி வைக்கவில்லை.

அப்பா இருமுகிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் தூறல். லேபில் ஒரே கூட்டம், மல்லிகைப்பூ வாசனை. ரே. வந்திருந்தாள். வேறு பெஞ்ச்.

'வந்தாளா' நன்றாக ஓடியது. பிறகு சார், "அறிக்கையக் காட்டும்மா." எரர்.

யாரோ ஒருவருடைய அப்பா: "என்ன பாப்பா, செவப்பா வருது?"

சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "திங்கக்கெழம ஓடுச்சுல்ல?"

"ஓடுனதுதான் சார் தப்பு. நான்தான் காரணத்தப் பப்ளிக் ஆக்கிட்டேன். இங்கருந்து கேட்டா அது வரக் கூடாது."

இவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. சார் அடுத்த மேஜைக்குக் கூட்டத்தை அழைத்துப் போய்விட்டார். மிஸ் வந்து, என் பக்கத்திலிருந்த லெட்டர் கட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

சாயங்காலம் பசுமலை ஸ்டாப்பில் ரே. என்னிடம் வந்தாள்.

"என் பேரப் போட்டா அது வந்துச்சு. ஒன் பேரப் போட்டா என்ன வரும்?"

"காய்ச்சல்னு வரும்."

"நெசமாவே காய்ச்சலா?"

எங்கள் விளாங்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்க பாப்பா, ஏறுங்க." அவள் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது.

"இல்ல" என்றேன்.