தங்கராசு தட்டிய கட்டம்

வடக்குத்து, நெய்வேலி
14.06.2013

அன்புள்ள தமயந்திக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் கடிதமும் வரைபடமும் கிடைத்தன. கிராஃப் தாளை எட்டாக மடித்து அனுப்பியிருக்கிறாய். மடிப்பில் ஒரு மலையே கிழிந்துவிட்டது. அடுத்த முறை சுருட்டி அனுப்பு.

அப்பாவுக்கு வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சும் அப்படியே. மார்ச்சில் வாதம் வந்தபோது மூன்று மாதத்தில் தேறிவிடுவார் என்றார்கள். கண், காது, புத்தி எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அதுதான் அவருக்குக் கஷ்டம். மைன்ஸில் ஒரு ஷிப்டு விடாமல் கான்ட்ராக்ட் வேலைக்குச் சைக்கிள் மிதித்த மனிதர், இப்போது அம்மா பெருக்குவதைக் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சென்னை வேலையை நான் விட்டுவிட்டேன். இங்கே ஓர் ஆபீஸில் டேட்டா என்ட்ரி. அதுவும் கான்ட்ராக்ட்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி செய்யும் கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் ரேடார் கட்டியதும் யாரும் வேவுக்கு ஆள் அனுப்புவதில்லை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்கிறாய். உட்காராமல் என்ன செய்வார்கள்? எங்கே எத்தனை டாங்கி, எத்தனை சிப்பாய் என்று உங்கள் ரேடாரே ஒப்பித்துவிடுகிறதே. டவுன்ஷிப் வட்டம் பதினெட்டில் உங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் நாம் விளையாடியபோது, உன் படை எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாத அந்தப் பயம்தானே ஆட்டம்? இங்கே கம்ப்யூட்டர் இல்லை. தாளிலேயே ஆடிப் பார்த்து எழுதுகிறேன்.

உன்
செவ்வந்தி


பெங்களூரு
02.07.2013

என் செவ்வந்திக்கு,

மலை கிழிந்ததற்கு மன்னித்துவிடு. இந்த முறை சுருட்டி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவும் அவரும் சிதம்பரத்துக்கே போய்விட்டார்கள். அப்பா தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறாராம். உன் அப்பாவை நினைத்தால் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிசம்பருக்குள் ரேடாரைச் சரிசெய்து காட்ட வேண்டும். இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ரேடாரின் தூரத்தைக் குறை, கட்டும் செலவைக் கூட்டு. எதுவும் ஆட்டத்தை மாற்றவில்லை. நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்க வேண்டும்டி.

உன்
தமயந்தி


வடக்குத்து
20.09.2013

அன்புள்ள தமா,

தாள் ஆட்டம் நடந்தது. எனக்கு ஒரு கிராஃப் தாள், தங்கச்சி அன்புக்கரசிக்கு ஒன்று, நடுவில் மறைப்புக்குப் பழைய காலண்டர் அட்டை. புளியங்கொட்டைதான் படை. இரண்டு தாளையும் பார்த்துச் சொல்ல அம்பயர் ஒருவர் வேண்டுமே? அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. அப்பாவின் கட்டிலை ஒட்டிப் பலகை போட்டோம். தலையணையில் சாய்ந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

ரேடார் கட்டிவிட்டு, எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டேன். அவரால் சொல்ல முடியாதே. கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இடக்கையை நீட்டி என் தாளில் ஒரு கட்டத்தைத் தட்டினார். தள்ளி இன்னொன்றைத் தட்டினார். அங்கே ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியாது.

அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டு நான் தவித்த தவிப்பு இருக்கிறதே! மனசு கேட்காமல் ஓர் ஆளை வேவு பார்க்க அனுப்பினேன். அங்கே அன்பு ஒற்றைக் கொட்டையை நிறுத்தி ஏமாற்றியிருந்தாள். அவள் படை முழுக்க ஏரிக்கரை வழியாக வந்து என் ஊரை எரித்துவிட்டது. அப்பா சிரித்தார், தமா. ஆறு மாதத்தில் முதல் முறை. வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. ஆனால் சிரிப்புதான்.

ஆகவே என் பதில் இது. ரேடார் புள்ளியை மட்டும் காட்டட்டும். அது என்ன என்பதை ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். போனவன் செத்தாலும் அவன் கடைசியாகப் பார்த்தது வரைபடத்தில் நிற்கட்டும். நேரம் ஆக ஆக அந்தப் படம் வெளுத்துக்கொண்டே வரட்டும், சேதி பழசாகிவிட்டது என்று தெரிய.

இப்போது நான் வேலையிலிருந்து வந்ததும் அப்பாவே பலகையைத் தட்டிக் கூப்பிடுகிறார். "நோயாளிய வெச்சிகினு புளியங்கொட்ட ஆடிகினு கீறீங்களே" என்று அம்மா திட்டுகிறார். ஆனால் கொட்டைகளைக் கழுவிக் காயவைப்பதும் அவர்தான்.

உன்
செவ்வந்தி


பெங்களூரு
18.11.2013

செவ்வந்தி, என் தங்கமே,

நம் ரேடார் ஜெயித்துவிட்டது. நேற்று பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஆடவிட்டோம். புள்ளியைப் பார்த்ததும் அத்தனை பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். வேவுக்கு ஆள் அனுப்பாதவர் ஒருவர்கூட இல்லை. யார் யோசனை என்று எங்கள் தலைவர் கேட்டார். ஊரில் ஒரு தோழியோடு சேர்ந்து யோசித்தது என்றேன்.

ஜனவரியில் வடிவமைப்புக்கு இன்னோர் ஆள் எடுக்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வேறு எங்கும் விண்ணப்பம் போட்டு மாட்டிக்கொள்ளாதே. ஆடிய ஆட்டங்களை எல்லாம் எழுதி வை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்
தமயந்தி


வடக்குத்து
11.03.2014

அன்புள்ள தமா,

ஜனவரி போய், பிப்ரவரியும் போய்விட்டது. வேலை மும்முரத்தில் இருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் ஒரு வரி போடக் கூடாதா? முப்பத்தொரு ஆட்டங்களைப் பற்றியும் நோட்டில் எழுதி, சர்டிபிகேட்டுகளோடு பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பையைக் காட்டித் "தோ கெளம்புறா, தோ கெளம்புறா" என்று அன்பு கேலி செய்கிறாள்.

இங்கே ஒரு பெர்மனென்ட் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. நீ சொன்னதால் நான் விண்ணப்பம் போடவில்லை. கடைசி நாளும் முடிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. நிலைமை தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் போன மாதம் மறுபடி வந்தது. இப்போது சாய்ந்து உட்கார முடியவில்லை. பலகையைச் சுவரோரம் நிறுத்திவிட்டோம்.

உன்
செவ்வந்தி


பெங்களூரு
29.05.2014

அன்புள்ள செவ்வந்தி,

தாமதத்துக்கு மன்னி. ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் கையில் எதுவும் இல்லை. எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, என் ரேடாரால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்து, எதிரியின் ரேடாரை ஏமாற்றும் பொய்ப் படை செய்ய வேண்டும். ஒற்றைக் கொட்டையை நிறுத்தி அன்பு ஏமாற்றினாள் என்றாயே, அந்த மாதிரி ஆட்டங்களின் குறிப்புகளை மட்டும் சீக்கிரம் அனுப்புகிறாயா? அப்பா தேறிவிடுவார். தைரியமாக இரு.

தமயந்தி


வடக்குத்து
17.11.2014

அன்புள்ள தமயந்திக்கு,

அப்பா இந்த மாதம் மூன்றாம் தேதி பகலில் தவறிவிட்டார். அம்மா கஞ்சி கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது. விழித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, ஒரு வாய் ஊட்டியும்விட்டார்.

உனக்கு அன்றே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய்.

நீ கேட்ட குறிப்புகள் உள்ள நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் அப்பா அம்பயராக இருந்து ஆடியவை. என்னிடம் வேறு பிரதி இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

உன்
செவ்வந்தி


பெங்களூரு
06.08.2016

செவ்வந்திக்கு,

கிட்டத்தட்ட இரண்டு வருஷமாகிவிட்டது. துக்கம் கேட்டுக்கூட நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் உன் நோட்டு மேசையில் இருந்தது.

விளையாட்டு இந்த வருஷம் வெளிவந்துவிட்டது. போன மாதம் ஹைதராபாத்தில் ஒரு மாநாட்டில் ரேடாரைப் பற்றிப் பேசினேன். அதை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நீ பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். வாதம் வந்து பேச்சிழந்த ஒருவர் கட்டத்தைத் தட்டிக்காட்டியதைச் சொன்னேன். என் தோழியின் அப்பா என்று சொல்லவில்லை. என் அப்பா என்று சொன்னேன். மேடையில் வாய் தவறி வந்துவிட்டது.

இல்லை, அது பொய். ஒத்திகையிலேயே அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால்தான் அரங்கம் அமைதியானது.

அப்பா வீடியோவைப் பார்த்துவிட்டார். "நல்லா நடமாடிக்கிட்டிருக்கிற என்னப் படுக்கையில போட்டுட்டியேம்மா. உன் சிநேகிதியக் கூட்டிப்போக நம்ம கேட்டுக்கு வெளியே சைக்கிளோட நிப்பாரே தங்கராசு, அவர் பேரச் சொல்ல உனக்கு என்ன கூச்சம்?" என்று கேட்டார். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை.

நான் சரிசெய்கிறேன். அடுத்த பதிப்பில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன். இப்போது இங்கே ஓர் இடமும் இருக்கிறது. இந்த முறை உண்மையாகவே. நேரில் வந்து உன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். திட்டியாவது ஒரு பதில் போடு.

தமயந்தி


வடக்குத்து
19.08.2016

தமயந்திக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். அன்புதான் போனில் காட்டினாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நெய்வேலி என்று நீ சொன்னது புரிந்தது. ஃபாதர் என்று சொன்னதும் புரிந்தது. அன்பு போனை அணைக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பாவப் பத்தியா பேசிகினு கீது அந்தப் பொண்ணு?"

ஆமாம் என்றேன்.

"பேரச் சொல்லுச்சா?"

"சொல்லுச்சும்மா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். மறுநாள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போய், என் புருஷன் பேரை ஹைதராபாத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். உனக்காக நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

வேலை வேண்டாம். என் பெயரும் வேண்டாம். பெயர் போடுவதானால் தங்கராசு என்று போடு. நான் அம்மாவிடம் சொன்னது பொய்யாகாமல் போகட்டும். அப்பாவின் ஆட்டங்கள் எழுதிய நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. கூடக் கடிதம் எதுவும் வைக்காதே.

இங்கே வர வேண்டாம். நீ வந்தால் அம்மா உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார். நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

செவ்வந்தி