விழுந்தவர் யார்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் தொடங்குகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் விடுமுறை முடிந்து அங்கே திரும்பும் உங்கள் கம்பெனி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரர் அப்படியேதான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகில் படுக்கைப்புண் வந்து, ஆறி, மறுபடியும் வந்திருக்கிறது. கொழுந்தனார் வேலைக்குப் போகும் முன் வந்து புரட்டிப் படுக்க வைக்கிறார். நான் தையல் கம்பெனியில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்கிறார். இவருக்கு வாய் மட்டும் குறையவில்லை. "உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்பட்டேன், கடவுள் படுத்துக்கிட்டே சாப்பிட வச்சுட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர்கள் விழிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா எப்போது எழுந்திருப்பார் என்று கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அன்று உங்களுக்குக் காய்ச்சல், அவருக்கு விடுமுறை. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்பதால், நீங்கள் இருவரும் தங்கியிருந்த ரூமில் எல்லாரும் செய்வதுபோல உங்கள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவர் போனார். ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டால் கேட்டில் நிற்பவருக்கு எல்லாரும் ஒரே முகம்தான். மேஸ்திரிக்குத் தெரியும், ஆனால் ஆள் கணக்குச் சரியாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார். கட்டடத்துச் சாரம் சரிந்து அவர் விழுந்தபோது கழுத்தில் தொங்கியது உங்கள் பெயர்.

இப்போது கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? அன்று வேலைக்கு வந்தது நீங்களாம். நீங்கள் நன்றாக நடமாடுகிறீர்கள், அதனால் அங்கே யாரும் விழவில்லையாம். என் வீட்டுக்காரர் லீவில் இருந்தவர், எங்கே போய் விழுந்தாரோ, தங்களுக்குத் தெரியாதாம். விமான டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பியதே பெரிது என்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் காப்பீடு கட்டியிருக்கிறார்கள், அண்ணா. முதுகு உடைந்த ஆளுக்குத்தான் அது இல்லை.

தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அட்டை யாருடையதாக இருந்தாலும் வேலையில் அடிபட்டவருக்காகப் போராடலாம், ஆனால் அட்டைக்காரர் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்றார். அடுத்த மாதத்தோடு வழக்குப் போடும் கெடு முடிகிறது. சொன்னால் உங்கள் வேலை போனாலும் போகும் என்றும் சொன்னார். அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் பேச்சை எடுத்தாலே, "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, விடு" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நமக்கும் ஒரு பிள்ளை இருப்பது இந்த மனுஷனுக்கு மறந்துவிட்டதா என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. பிறகு பாவமாகவும் இருக்கிறது.

மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணம் வந்து சேருகிறது. கூட ஒரு வார்த்தை வருவதில்லை. உங்கள் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை வாங்கும்போது கை கூசுகிறது. இனி அனுப்ப வேண்டாம். எத்தனை காலம் அனுப்புவீர்கள்? அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில் எனக்கென்ன சந்தோஷம்? விழுந்தது நானில்லை, அவன்தான் என்று போய்ச் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

அன்று அவர் போகாமல் இருந்திருந்தால், காய்ச்சலோடு நீங்கள்தான் அந்தச் சாரத்தில் ஏறியிருப்பீர்கள். அண்ணி உட்கார்ந்து இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவர் என்ன செய்திருப்பார் என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள், அண்ணா.

உங்களையே நம்பியிருக்கும்,
தங்கை