தகர நாக்கு

31-5-1983, செவ்வாய்.

மகளுக்கு அம்மை இறங்கியதற்காக நேர்ந்துகொண்ட காளி வேஷத்தை இன்று அம்பகரத்தூரில் போட்டு முடித்தேன். எண்ணெய் போட்டுத் தேய்த்தும் காதோரத்து நீலச்சாயம் போகவில்லை.

கோயில் வாசலில் படம் எடுப்பவர் என்னை நிற்க வைத்து, வந்தவர்களைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கருக்களாச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் நின்றாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஆத்தா, கடலுக்குப் போன மனுஷன் பதினோரு நாளாக் கரை திரும்பல. வந்துடுவாரா?"

நான் சிவப்புத் தகர நாக்கைப் பல்லில் கடித்திருந்தேன். வேஷம் கலைக்கும்வரை பேசக் கூடாது என்பது நேர்த்திக்கடன். தெரியாது என்பதை எப்படிக் காட்டுவது? "ஆடாம நில்லுங்க" என்று படக்காரர் வேறு கத்தினார். அவள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றி, பஸ்ஸுக்கு நின்றேன். அதே பெண் பக்கத்தில் வந்து நின்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நிறைய மல்லிகை.

நான் கேட்காமலேயே சொன்னாள்: "பதினோரு நாளாப் பூவே வைக்கலங்க. இன்னிக்கு ஆத்தாவே தலையாட்டிட்டா. வந்துடுவாரு."

தகர நாக்கு என் பையில் கிடந்தது. வாயை இப்போது எதுவும் அடைக்கவில்லை.

"நல்லதும்மா" என்றேன்.