தொலைபேசிக் கணினியில் உன் குரல்

மொன்றியல்
ஐப்பசி, 2007

என் மகளுக்கு,

நிலவறையில் கிடக்கும் தொலைபேசிக் கணினியைக் கொடுத்துவிடப் போகிறேன். சொந்தத் தொலைபேசி இல்லாத நம் ஆட்களுக்கு ஊரிலிருந்து வரும் செய்திகளை ஒரு காலத்தில் அதுதான் ஆளுக்கொரு பெட்டி இலக்கம் கொடுத்துப் பதிந்து வைத்தது. எத்தனையோ பிள்ளைகள் பிறந்த சேதி முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தது.

பழைய தொலைபேசிக் கருவிகளை ஆசைக்காகச் சேர்த்து ஓடவைக்கும் சிலர் பக்கத்து ஊரான லவாலில் இருக்கிறார்கள். அவர்களில் ஜில் என்பவர் சனிக்கிழமை வந்தார். தூசி தட்டி, வீட்டுத் தொலைபேசிக் கம்பியைச் செருகி, தன் கைபேசியிலிருந்து நம் வீட்டு இலக்கத்தை அழைத்தார்.

"வணக்கம். உங்கட பெட்டி இலக்கத்தை அழுத்துங்கோ. அவசரப்படாதேங்கோ, நான் நிக்கிறன்."

உன் பத்து வயதுக் குரல். கடைசி வசனம் நீயாகவே சேர்த்தது.

அம்மா ஈரக் கையோடு இறங்கி வந்து படியிலேயே இருந்துவிட்டாள். "இன்னொருக்கா எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள். ஜில் முகம் சுளிக்காமல் மறுபடியும் மறுபடியும் கைபேசியில் அழைப்பு எடுத்தார்.

"யார் இது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என் மகள்."

"இந்தக் குரலை அழிக்காமல் எங்கள் கண்காட்சியில் வைக்கலாமா?"

மகளைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றேன். நீ கலியாணம் முடித்துப் போனபின் இங்கே வருவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. நீ மேலே உன் அறையில் இருப்பதாக நினைத்தாரோ என்னவோ, மாடிப்படியைப் பார்த்தபடி, "கேளுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். அடுத்த கிழமை வரச்சொல்லி அனுப்பினேன்.

கடிதம் எழுத நேரமில்லாவிட்டால் உன் பதிலைத் தொலைபேசியில் சொன்னால் போதும். வீட்டு இலக்கம் மாறவில்லை. மருமகன் அழைப்பு எடுத்துச் சொன்னாலும் சரி.

அப்பா