ஒரு விரல் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதை மட்டும் எழுது.

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. எப்போதும் போல நான்தான் வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்தை அப்படியே வாசித்தேன். இரண்டாம் பக்கத்தை வாசிக்கவில்லை. உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கடிதம் சட்டென்று முடிந்தால் சந்தேகப்படுவாரே என்று, அங்கே மழை பெய்கிறது, காவலுக்கு நிற்கிறவர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று நானே சேர்த்து வாசித்தேன். அவர் உடனே வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு டெய்லரிடம், "எம் பொண்ணுக்கு கோட்டெல்லாம் குடுத்திருக்காங்கய்யா, கவர்மெண்டு கோட்டு" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த கடிதத்தில் மறக்காமல் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரி எழுதிவிடு.

இரண்டாம் பக்கத்தை நான் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். முகாமுக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றிய பெண்களில் ஒருத்தி. என்னுடையதைப் போலவே மெலிந்த மணிக்கட்டு என்று எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் மாட்டுகிற மாதிரிதான் அவளுக்கும் விலங்குக்குப் பதிலான அந்தப் பிளாஸ்டிக் கைப்பட்டையை மாட்டினாய், வழியில் அது தானாக இறுகிவிட்டது, இறங்கும்போது கை நீலம் பாரித்திருந்தது, இப்போது கட்டைவிரல் அசையவில்லை. குற்றம் பட்டையினுடையதா, மாட்டியவளுடையதா என்று விசாரிக்கிறார்கள்.

நான் செய்வதைத்தான் நீ மாட்டுகிறாய் என்று போன தடவை வந்தபோது சொல்லிச் சிரித்தாயே, அக்கா. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பூட்டின் மேல் சின்னதாக நட்சத்திரக் குறி இருந்ததாக எழுதியிருக்கிறாய். அது எங்கள் பட்டறை அச்சில் வந்ததுதான். அதன் பிசிறை வெட்டியது நானாகக்கூட இருக்கலாம்.

நீ கவலைப்படாதே. பட்டை தானாக இறுகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதன் பல் உள்ளே போகும், திரும்பி வராது. கையை முறுக்க முறுக்க ஒவ்வொரு பல்லாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அச்சு வரைகிற அண்ணன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பூட்டின் பக்கத்தில் ஒரு சின்ன முளை. மாட்டிய பிறகு அதை அமுக்கிவிட்டால் பட்டை முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அவர் செய்த மாதிரியை முதலாளி கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு தடவை மாட்டி வெட்டி எறியுற சாமானுக்கு இவ்வளவு சீரா?" என்று கேட்டாராம். அந்த மாதிரிப் பட்டை இப்போது அண்ணனின் மேசையில் பென்சில்களைக் கட்டி வைக்க உதவுகிறது.

எங்கள் சோதனை மேசையைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. அங்கே கடைந்த மரக்கை ஒன்று இருக்கிறது. பக்கத்து மெஷினில் இருக்கும் ரேடியோ அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. ஒவ்வொரு தடவையும், "மாப்ள, கைய நீட்டுங்க, வெக்கப்படாதீங்க" என்று சொல்லித்தான் மாட்டுவாள். மாப்பிள்ளைக்குக் கை கொஞ்சம் தடிமன். அதனால் சின்ன அளவுக்கு என் கையைத்தான் கேட்பார்கள். மாட்டும்போது பட்டைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பது இங்கே விதி. மாட்டுவார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், வெட்டி எடுப்பார்கள். நான் ஒன்றும் பேச மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது நான் "இருக்கேன் டீச்சர்" என்று சொன்னது கேட்காமல் எத்தனையோ நாள் வரவில்லை என்று போட்டுவிட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டபோதும் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

தலை இப்போது நானே பின்னிக்கொள்கிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வருகிறது.

பதில் போடு.

உன் தங்கை.

&nbsp;

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அப்பா தினமும் தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறார். நேற்று உன் பழைய கடிதம் ஒன்றைப் புதிதாக வந்தது போல வாசித்துவிட்டேன். பாதியில், "கோட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டார். மழை நின்றுவிட்டதாம் என்று சொன்னேன்.

இங்கே ஒரு செய்தி. உன் விசாரணைக்காரர்கள் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். அதே அச்சில் வார்த்த பட்டையை ஆள் கையில் மாட்டி, தானாக இறுகுகிறதா என்று பார்ப்பார்களாம். மெலிந்த கை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசரம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காவல்காரி என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்?

சூப்பர்வைசரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ கொடுத்து நான் பார்த்ததில்லை. "இத பாரும்மா, ஆடாத கை உன்னோடதுதான். எப்பவும் போல கல்லு மாதிரி உக்காந்துரு. அவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். கையை ஆட்டாமல் வைத்திருந்தால் பட்டை இறுகாது. இறுகாவிட்டால் குற்றம் பட்டையில் இல்லை. பட்டையில் இல்லை என்றால் அது யார் தலையில் விழும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே இருப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. பட்டையின் மேல் குற்றம் வந்தால் மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். ரேடியோகூட ரெண்டு நாளாகச் சத்தமே இல்லை. "எம் புள்ளைங்க ரெண்டும் உன் கையிலதான்டி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்து, "இதுல என்னத்த இருக்கப் போகுது, ஈர்க்குச்சி" என்றாள்.

என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உன் பதில் வருவதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள். நீ வழக்கம்போலத்தான் மாட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதும்.

சரியாகச் சாப்பிடு.

உன் தங்கை.

&nbsp;

அன்புள்ள அக்காவுக்கு,

அவர்கள் வந்து போய்விட்டார்கள். உனக்கு அதிகாரபூர்வக் கடிதம் வருவதற்கு முன்னால் என் கடிதம் வரட்டும் என்று உடனே எழுதுகிறேன்.

ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும் வந்தார்கள். முதலாளி, சூப்பர்வைசரம்மா, அச்சு அண்ணன் எல்லாரும் சோதனை மேசையைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரம்மாதான் எனக்கு மாட்டினார். விதிப்படி ஒரு விரல் இடம் விட்டு, அந்த விரலை உள்ளே நுழைத்து எல்லாருக்கும் காட்டினார். பிறகு என் தோளில் தட்டினார். கல்லு மாதிரி என்று அர்த்தம்.

நான் கொஞ்ச நேரம் கல்லாகத்தான் இருந்தேன். வந்த ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். சோதனையை முடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அப்போது அந்த வேனை நினைத்தேன். ரோடு நன்றாகவா இருந்திருக்கும்? வேன் குலுங்கும்போது கை பின்னால் கட்டப்பட்டிருக்கிறவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? பயந்தவள் கையைச் சும்மா வைத்திருப்பாளா?

நான் முறுக்கினேன், அக்கா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒவ்வொரு பல்லாக உள்ளே போகும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சூப்பர்வைசரம்மா, "ஏய், என்ன பண்ற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான், "இறுக்குது" என்றேன். அந்த ஐயா, என்ன சொன்னாய் என்று கேட்டார். "இறுக்குதுங்க. கையை ஆட்டினா தானா இறுக்குதுங்க. வலிக்குது" என்று சொன்னேன். என் சத்தம் அந்தக் கொட்டகையின் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

வெட்டுகிற கருவி உள்ளே நுழையவில்லை. அச்சு அண்ணன்தான் மெல்லிய வாய் உள்ள கட்டரைக் கொண்டுவந்து வெட்டினார். அந்த அம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மாட்டியவரின் மேல் குற்றம் சொல்ல முடியாது என்று ஐயா முதலாளியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. முளை வைத்த மாதிரியை எடுத்துவரச் சொன்னார்கள். அண்ணன் பென்சில்களை அவிழ்த்துவிட்டு எடுத்துவந்தார். இனி அதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. புது அச்சு வரும்வரை பாதி மெஷின் ஓடாது. சூப்பர்வைசரம்மா என்னைப் பார்ப்பதில்லை. ரேடியோ மட்டும், "வாயில்லாப் பூச்சின்னு பாத்தா, நீ கொட்டுற பூச்சியாடி?" என்றாள். அவள் பாதி கோபமாகவும் பாதி சிரிப்பாகவும்தான் சொன்னாள்.

ஆகவே நீ தப்பித்தாய், அக்கா. இதை நான் மூன்று வரியில் எழுதி முடித்திருக்கலாம். முடியவில்லை.

மேசையின் மேல் அவர்கள் ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு. பட்டையை வெட்டிய அன்று எடுத்தது. நான் அதைப் பார்ப்பதை அச்சு அண்ணன் பார்த்தார். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் கையில் இருந்த தடத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமோ சொல்வது போல, "முளை வெச்சாலும் முதல் இழுப்பு கை இழுக்குறதுதான். அதுக்கு நான் என்னத்த வரையுறது?" என்றார்.

என் கையில் தடம் ஒரே மாதிரி இல்லை. முறுக்கிய இடத்தில், எலும்பின் மேல் மட்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. போட்டோவில் அப்படி இல்லை. சுற்றிலும் ஒரே ஆழத்தில், கோடு போட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு ஒரு கழிவுப் பட்டையை எடுத்து வந்தேன். சமையலறையில் உட்கார்ந்து இடது கையில் மாட்டி, விரல் இடம் விடாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். முறுக்கவே இல்லை. சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. கத்தரிக்கோல் நுழையவில்லை. பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் தன் பழைய டூல் பெட்டியைத் தடவி, குறடை எடுத்துக்கொண்டு வந்தார். கண் சரியாகத் தெரியாததால் விரலால்தான் தடவிப் பார்த்தார். பட்டை எங்கே, தோல் எங்கே என்று தேடினார். இரண்டுக்கும் நடுவே அவர் நகம்கூட நுழையவில்லை. பூட்டின் பக்கமாக வைத்து நெரித்துத்தான் உடைத்தார். பிறகு என் கையை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "யாரும்மா இப்படிக் கட்டுனது?" என்று கேட்டார். நான்தான், சும்மா பார்த்தேன் என்றேன். அவர் அந்தத் தடத்தைச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தார். "சும்மா கட்டுன மாதிரி இல்லையே, கோவத்துல கட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார்.

போட்டோவில் பார்த்த தடம் என் இடது கையில் இருந்தது, அக்கா.

நீ எப்படி மாட்டினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ ஓய்வில்லாமல் தொடர்ந்து காவலில் நின்றதும், அவள் உன்னைப் பார்த்துக் கத்தியதும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. என்னிடம் யாரும் போட்டோவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால்தான் களைப்பாக இருக்கிறது. எனக்கும் இப்போது உன்னைப் போலத் தூக்கம் சரியாக வருவதில்லை.

ஒன்று ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூட நாட்களில் காலையில் நீதான் எனக்குத் தலை பின்னிவிடுவாய். வீட்டில் ஏதாவது சண்டை நடந்த அன்று பின்னல் எப்படி இறுகும் தெரியுமா? கண் ரெண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உன் கை உனக்குத் தெரியாமல் செய்யும். நான் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால் உனக்கும் தெரிந்திருக்காது.

உன்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவார்கள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீடு இருக்கிற நிலைமை உனக்கே தெரியும். போனால், ஒரு விரல் விட்டு மாட்டு. கத்தினாலும், திட்டினாலும், உன் முகத்தில் துப்பினாலும், முதலில் உன் விரலை வை, அப்புறம் இழு. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுது. அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசிக்க மாட்டேன். எனக்கு மட்டும்.

அதற்கு முன்னால் ரெண்டு நாள் லீவு கிடைத்தால் வீட்டுக்கு வா. அப்பா கோட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்கேயாவது ஒன்று வாங்கிக்கொண்டு வா. எனக்கு ஒன்றும் வேண்டாம். உட்கார்ந்து ஒரு தடவை தலை பின்னிவிடு, போதும். இந்தத் தடவை இறுக்கினால் சொல்லிவிடுவேன்.

நல்லபடியாக இரு, அக்கா. தூங்கு.

என்றும் உன்
தங்கை