அஞ்சலையின் கைநாட்டு

மணிமங்கலம், 18 ஜனவரி 1983

கடற்கரைக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் அஞ்சலை இன்று ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். ஆமைகளுக்காகக் கரையோரக் கடலைச் சரணாலயமாக்கி, வலை போடுவதை அடியோடு தடுக்கப் போகிறார்களாம்.

"ஆமைக்குப் பாவம் பாக்குறாங்கோ. என் புள்ளைங்க இன்னாத்த துன்றது? வேணவே வேணாம்னு எழுதும்மா."

வலையில் சிக்கிச் செத்த ஆமைகளைக் கண்டவள் நான். அதனால் முட்டையிடும் மாதங்களில் மட்டும் தடுத்தால் போதும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"படித்துச் சொல்லட்டுமா?" என்றேன்.

"கான்வென்ட்டு இங்கிலீசு எனுக்கு இன்னா புரியும்? நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்து, கைநாட்டு வைத்துவிட்டாள்.

நான் வற்புறுத்தவில்லை. உறையையும் ஒட்டிவிட்டேன். அதை வாங்கிப்போகக் காலையில் வருவாள். உறையைக் கிழித்து உண்மையைச் சொன்னால், இனி என்னை நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் நம்பிக்கொண்டே இருப்பாள்.